என் மகளுக்கு மெட்ராசில் வைத்த பரிட்சை

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். அஞ்சாவது வரைக்கும் படிச்சவள். அதுக்கப்புறம் பேனா பிடிச்சதெல்லாம் கையெழுத்துப் போடறதுக்கு மட்டும்தான். ஞாபகமும் முன்ன மாதிரி இல்லை. பின்னாடி நடந்தது முன்னாடி வந்துட்டா பொறுத்துக்குங்க. எங்க தெருப் பிள்ளைங்களுக்குச் சாயந்திரத்தில் பாடம் சொல்லித் தர்ற டீச்சரம்மா, "படிப்பு வராத பிள்ளைங்களை அந்தக் காலத்துல எப்படிச் சோதிச்சாங்கன்னு எழுதிக் குடுங்கம்மா, பெத்தவங்க நாலு பேர் படிக்கட்டும்"னு கேட்டுக்கினே இருந்தாங்க. நாலு பேர் எதிரில் நின்னு பேசறதுன்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். அதனால் எழுதறேன்.

அப்ப நாங்க சின்ன காஞ்சிபுரத்தில் இருந்தோம். வீட்டில் ஒரு தறி. என் வீட்டுக்காரர் பட்டுப் புடவை நெய்வார். கெட்டிக் கரை வெச்ச புடவைன்னா ஒரு ஆள் நெய்ய முடியாது. குறுக்கு நூலைக் கொண்டு போற நாடா உடம்புக்கு ஒண்ணு, கரைக்கு வேற ஒண்ணு. கரை நாடாவைப் போட்டு வாங்க நெய்யறவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காரணும். எங்க வீட்டில் அந்த ஆள் என் ரெண்டாவது மகள். பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம், வந்த பிறகு விளக்கு வைக்கிற வரைக்கும் அவள் வேலை அதுதான். எங்க தெருவில் எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் அப்படித்தான் இருந்தாங்க.

அவள் வீட்டில் கெட்டிக்காரி. எந்த நிறத்து நூல் எந்தப் பானையில் இருக்குதுன்னு இருட்டில் எடுத்துக் குடுப்பாள். ரேடியோவில் ஒரு தடவை கேட்ட பாட்டை அப்படியே பாடுவாள். ஆனா மூணாவது வகுப்பில் ரெண்டு வருஷம் உட்கார்ந்துட்டாள். புத்தகத்தைப் பிரிச்சா எழுத்து அவளுக்குப் பிடிபடலை. நேத்து பழகின எழுத்து இன்னிக்கு அவளுக்கு ஊர் பேர் தெரியாத ஆள். மத்தப் பிள்ளைங்க வாசிக்கறதைக் காதால் கேட்டே பாடம் முழுக்க மனப்பாடம் பண்ணிடுவாள். வரி மேல் விரலை ஓட்டிக்கினே சொல்லுவாள். பார்க்கறவங்க வாசிக்கறாள்னுதான் நினைப்பாங்க. ஒருநாள் வகுப்பு டீச்சர் நடுவில் ஒரு வார்த்தையைத் தொட்டு, "இது என்ன?"ன்னு கேட்டிருக்காங்க. இவள் முதல் வரியிலிருந்து சொல்லிக்கினு வந்து, அந்த வார்த்தை வந்ததும் நின்னிருக்காள். வகுப்பே சிரிச்சிருக்குது.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கண்ணில் கோளாறு, கண்ணாடி போடுன்னாங்க. மாகறல் கோயிலுக்கு வேண்டிக்கோன்னாங்க. வேண்டிக்கினேன், போயும் வந்தேன். கண் டாக்டரும் பார்த்துட்டுக் கண் நல்லா இருக்குதுன்னுட்டார். எதிர்வீட்டு அம்மா மட்டும், "விடேன்டி, உன் பொண்ணு கலெக்டராகவா போறா? மக்கா இருந்தா மாமியாருக்கு நல்லதுதான்"னு சிரிச்சாங்க. அவங்க ஆசையா சொன்னதுதான். எனக்குச் சோறு இறங்கலை.

அந்த வருஷம் பாதியில் பெரிய டீச்சர் ஆள் அனுப்பினாங்க. பள்ளிக்கூடத்துக்கே தலைமை அவங்க. நான் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கினு கதவு ஓரமா நின்னேன்.

"உள்ள வாம்மா. உன் பொண்ணு இந்த வருஷமும் தேறமாட்டா. மூணாவது வருஷமும் அதே பெஞ்சுல வெச்சுக்க எனக்கு வழி இல்ல. நிறுத்திடறியா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். மாட்டேன்னு ஆட்டினேன். அவங்களுக்கு அது சரின்னு பட்டிருக்குது.

"சரி, அப்ப வீட்டுக்காரரை வரச் சொல்லு."

"இல்ல டீச்சர்," என் குரல் எனக்கே கேட்கலை. "நிறுத்தலை."

அவங்க மூக்குக் கண்ணாடிக்கு மேல் என்னைப் பார்த்தாங்க. கெட்டவங்க இல்லை. "மெட்ராசுல பெரிய ஆஸ்பத்திரியில பிள்ளைங்களோட புத்தியைச் சோதிக்கறாங்களாம். எங்களுக்குப் பயிற்சி வகுப்புல சொன்னாங்க. அங்க போய்ப் பார்த்துட்டு வா. புத்தி சரியா இருக்குது, வேற ஏதோதான்னு அவங்க சொன்னா நான் யோசிக்கறேன். புத்தியே அவ்வளவுதான்னு சொன்னா, நீ பிடிவாதம் பிடிக்கக் கூடாது"ன்னாங்க.

வீட்டில் அவரிடம் சொன்னேன். தறியிலிருந்து தலையைத் தூக்காமலே, "நல்லதாப் போச்சு. நாள் முழுக்கத் தறியில உட்காரட்டும். கரை வாங்கறதுக்கு ஆள் கிடைக்காம ஊரே அலையுது"ன்னார்.

"அவ படிக்கணும்."

"இன்னாடி படிக்கறது? ரெண்டு வருஷமா அதைத்தானே பார்த்தோம்."

"சோதிச்சுப் பார்த்துட்டுச் சொல்லட்டும். நாமளே எப்படிச் சொல்றது?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் நான் அவ்வளவு பேசினதில்லை. அவருக்கே வேடிக்கையா இருந்திருக்கும் போல. "போய்ட்டு வா, போ. அங்க யாராவது பேர் கேட்டா சொல்லுவியா? அதுக்கே நீ என் முதுகுக்குப் பின்னாடி நிக்கறவ"ன்னார்.

விடிகாலை பஸ்ஸில் நாங்க ரெண்டு பேரும் கிளம்பினோம். ஆஸ்பத்திரியில் முதலில் காதைச் சோதிச்சாங்க. பின்னாடி நின்னு மெதுவா ஒரு சொல் சொல்லி, இவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. எல்லாம் சரியா சொன்னாள். கண்ணை மறுபடியும் பார்த்தாங்க. நடக்கச் சொன்னாங்க, ஒத்தைக் காலில் நிக்கச் சொன்னாங்க. எப்பப் பேசினாள், எப்ப நடந்தாள், வலிப்பு வந்துதா, தலையில் அடிபட்டுதான்னு என்னிடம் கேட்டாங்க. நான் தரையைப் பார்த்துக்கினே பதில் சொன்னேன். ஆனா ஒண்ணு விடாம சொன்னேன்.

அப்புறம் ஒரு அறை. பரிட்சை வைக்கிறவங்க ஒரு அம்மா, நூல் புடவை கட்டிக்கினு, என்னைவிடச் சின்ன வயசு. "நீங்க வெளியில இருங்கம்மா, பக்கத்துல இருந்தா பிள்ளை உங்க முகத்தையே பார்க்கும்"னாங்க. அறைக்கு அரைக் கதவுதான். மேலே காலி. நான் பெஞ்சில் உட்காராம கதவோரமாவே நின்னுக்கினேன். உள்ளே பேசறதெல்லாம் கேட்டுது.

முதலில் கேள்விங்க. எண்ணுங்களைச் சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. அப்புறம் பின்னாலிருந்து முன்னால. நீளமா நீளமா போச்சு, என் மகள் விடலை. அந்த அம்மா, "அட!"ன்னாங்க. அப்புறம் படங்க. ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒண்ணு குறையும், என்னன்னு சொல்லணும். சீப்புக்குப் பல் இல்லை, சொன்னாள். பூனைக்கு ஒரு காது இல்லை, சொன்னாள். ஒரு வீட்டுப் படம் காட்டினாங்க. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம், அதைத்தான் சொல்லணுமாம்.

"இதுல என்ன இல்ல?"

"வாசல்ல கோலம் இல்ல."

அந்த அம்மா சிரிச்சுட்டாங்க. "அதுவும் இல்லதான்"னு சொல்லிட்டு ஏதோ எழுதிக்கினாங்க.

அப்புறம்தான் கட்டைங்க வந்துது. சதுரக் கட்டைங்க, ஒவ்வொரு பக்கமும் ஒரு நிறம். சிவப்பு, வெள்ளை, பாதி சிவப்பு பாதி வெள்ளை. ஒரு அட்டையில் கோலம் மாதிரி படம். கட்டைங்களை அடுக்கி அதே மாதிரி செய்யணும். அந்த அம்மா ஒரு தடவை செஞ்சு காட்டினாங்க, கலைச்சாங்க, "இப்போ நீ செய்யலாம்"னு சொல்லிட்டுக் கையில் இருந்த கடிகாரத்தை அமுக்கினாங்க.

என் மகள் அட்டையைப் பார்த்தாள். கட்டைங்களைப் பார்த்தாள். ரெண்டு கையையும் முட்டி மேல் வெச்சுக்கினாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கடிகாரம் ஓடுது. அந்த அம்மா ஒண்ணும் பேசலை. இவளும் அசையலை. கடைசியில் அந்த அம்மா, "செய்யேம்மா"ன்னாங்க. இவள் ஒரே ஒரு கட்டையை எடுத்து வெச்சாள். மறுபடியும் கை முட்டிக்குப் போயிடுச்சு. அடுத்த அட்டையும் அப்படித்தான் போச்சு. அந்த அம்மா எழுதறதைப் பார்த்தா நல்லா எழுதற மாதிரி தெரியலை.

அவள் கை எதுக்குக் காத்திருக்குதுன்னு எனக்குத் தெரியும். தறியில் மிதியை மிதிச்சு இழை விலகினதும் என் வீட்டுக்காரர் "ம்"னுவார். அப்பத்தான் அவள் கரை நாடாவைப் போடணும். ஒரு இமை நேரம் முந்திப் போட்டாலும் இழை அறுந்துடும், ஜரிகை வீணாப் போகும், விரல் மேல் அடி விழும். அதனால் ஒரு "ம்"முக்கு ஒரு தடவை கை நீட்டுவாள், மீதி நேரம் கை முட்டி மேல். அஞ்சு வயசிலிருந்து அப்படிப் பழகின கை. நிறம் நிறமா எதிரில் ஒரு சாமான் இருக்குது, பெரியவங்க ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருக்காங்க. "ம்" வரலை. அவள் எப்படித் தொடுவாள்?

வெளியில் இருக்கச் சொன்னாங்களே, உள்ளே போகலாமான்னு நினைச்சேன். போகாம விட்டா, புத்தி அவ்வளவுதான்னு எழுதிடுவாங்கன்னும் நினைச்சேன். அரைக் கதவைத் தள்ளிட்டேன்.

"அம்மா... அவ 'ம்' சொன்னாத்தான் செய்வா."

"என்னது?"

எனக்குக் கோர்வையா சொல்லத் தெரியலை. தறி, மிதி, இழை, அடி எல்லாத்தையும் குழப்பிச் சொன்னேன். அவங்க பொறுமையா கேட்டாங்க. அப்புறம் என் மகள் பக்கம் திரும்பி, சும்மா விளையாட்டு மாதிரி, "ம்"னாங்க. ஒரு கட்டை வெச்சாள். "ம்." அடுத்த கட்டை. "ம், ம், ம்." அட்டையில் இருந்த படம் அப்படியே மேஜை மேல் வந்துடுச்சு. அந்த அம்மா வேற அட்டை எடுத்தாங்க, இன்னும் கஷ்டமானது. அதுவும் வந்துது.

எனக்குச் சந்தோஷம் தாங்கலை. ஆனா அவங்க முகம் அப்படி இல்லை.

"அம்மா, நீங்க சொன்னது ரொம்ப நல்லது. ஆனா இதை நான் கணக்குல எடுத்துக்க முடியாது. எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே மாதிரி வைக்கிற பரிட்சை இது. நான் நடுவுல ஒரு சத்தம் குடுத்தாலும் உதவி பண்ணின மாதிரி. முதல்ல அவ செஞ்சதை மட்டும் எழுதினா குறைவா வரும். அதுவும் சரியில்ல. கொஞ்ச மாசம் கழிச்சு மறுபடியும் கூட்டிக்கினு வாங்க. அதுவரைக்கும் நான் முடிவு எழுதலை. தானா ஒரு வேலையை ஆரம்பிச்சு, தானா முடிக்கப் பழக்குங்க."

"அப்ப தறியில உட்காரக் கூடாதா?"

"அதை நான் சொல்ல முடியாதும்மா. நீங்க பார்த்துக்குங்க."

திரும்பி வர்ற பஸ்ஸில் அவள் என் தோளில் தூங்கிட்டாள். நான் தூங்கலை. காஞ்சிபுரம் வர்றதுக்குள்ள மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்.

மறுநாள் காலையில் அவள் தறிப் பக்கம் போனப்ப கையைப் பிடிச்சு இழுத்து வெளியில் விட்டுட்டு, அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

"இன்னா இது?"ன்னார் என் வீட்டுக்காரர்.

"நான் வாங்கறேன் கரை."

"சமையல்?"

"முன்னாடியே எழுந்து முடிச்சுட்டேன்."

"உன் கை உலக்கை மாதிரி விழும். கரையைப் பாழாக்கிடுவ."

"பழகினா வரும். அவளுக்கு மட்டும் பிறக்கும்போதே வந்துதா?"

முதல் வாரம் இழை அறுத்தேன், திட்டு வாங்கினேன். ஒரு நாள் அவர் "ம்"னு சொன்னதும், "எனக்கு 'ம்' வேணாம், எனக்குக் கண் இருக்குது"ன்னு வேற சொல்லிட்டேன். அன்னிக்கு முழுக்க அவர் என்கூடப் பேசலை. "ம்"மும் சொல்லலை. அன்னிக்குத்தான் ஒரு இழைகூட அறுக்காம வேலை செஞ்சேன்.

மகளுக்குப் பழக்கறதுக்கு என்னிடம் கட்டை இல்லை. கட்டைக்கு எங்கே போறது? கோலம் இல்லைன்னு அவள் சொன்ன அந்த வாசல் படம்தான் எனக்கு வழி காட்டுச்சு. காலையில் வாசல் தெளிச்சுப் புள்ளி வெச்சுப் பாதிக் கோலம் போடுவேன். கோலமாவுக் கிண்ணத்தை அங்கேயே வெச்சுட்டு ஒரு வார்த்தை பேசாம உள்ளே வந்துடுவேன். அவள் போடட்டும்னு. "போடு"ன்னு நான் சொல்லிட்டா அதுவும் ஒரு "ம்"தான்.

அவள் வாசலில் நிப்பாள். கோலத்தைப் பார்ப்பாள். கையைக் கட்டிக்குவாள். பள்ளிக்கூட மணி அடிச்சதும் பையைத் தூக்கிக்கினு போயிடுவாள். பாதிக் கோலம் அப்படியே கிடக்கும். தெருவில் சிரிப்பு ஆரம்பிச்சுடுச்சு.

"இன்னாடி, மாவு தீந்து போச்சா?"ன்னாங்க எதிர்வீட்டு அம்மா. "பாதி வாசலுக்குத்தான் லட்சுமி வரணுமா? மீதிப் பாதி யாருக்கு வாடகை?"

"இருக்கட்டும் அக்கா."

"நல்ல நாள்லயாவது முழுசா போடு. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

நல்ல நாளிலும் பாதிதான் போட்டேன். அவர் வாசலைத் தாண்டும்போதெல்லாம் முணுமுணுத்துக்கினு போவார். அழிச்சு முழுசா போட்டுடலாம்னு எனக்கும் கை பரபரக்கும். முந்தானையை வாயில் கடிச்சுக்கினு அடுப்படியிலேயே இருப்பேன்.

எத்தனை நாள் ஆச்சுன்னு நினைவில்லை. மார்கழி வந்துடுச்சு, அது நல்லா நினைவிருக்குது, பெருமாள் கோயில் பக்கம் விடியறதுக்கு முன்னாடியே சத்தம் கேட்டுது. நான் பாதிக் கோலம் போட்டுட்டு உள்ளே வந்து அடுப்புப் பத்த வெச்சேன். வெளியில் எதிர்வீட்டு அம்மா குரல்: "அடியே, யாரு போட்டா இது?" ஓடிப்போய்ப் பார்த்தேன். மீதிப் பாதி முடிஞ்சிருக்குது. முடிஞ்சதோட நிக்கலை, வெளியில் இன்னும் ஒரு சுத்துப் புள்ளி வெச்சு அதையும் இழுத்துக் கட்டியிருக்காள். ஒரு இடத்தில் கோடு தப்புதான். அவள் கிண்ணத்தைப் பிடிச்சுக்கினு நிக்கறாள்.

"யாரு சொன்னா போடச் சொல்லி?"ன்னேன், வேணும்னே.

"யாரும் சொல்லலை. தினமும் பாதியாவே இருக்குது, பார்க்க அசிங்கமா இருக்குது. நீ மறந்துட்டே போல."

நான் உள்ளே வந்து அழுதேன்.

பொங்கல் கழிச்சு மறுபடியும் மெட்ராஸ் போனோம். அதே அம்மாதான் இருந்தாங்க. கட்டையை எடுத்து வெச்சுக் கடிகாரத்தை அமுக்கினாங்க. என் மகள் என்னைப் பார்க்கலை, அவங்களையும் பார்க்கலை. மளமளன்னு அடுக்கினாள். ஒண்ணு தப்பாச்சு, அவளே பிரிச்சுச் சரி பண்ணினாள். அப்புறம் மரப்பலகையில் குழி குழியா இருந்துது, வட்டம், நட்சத்திரம்னு அதது குழியில் போடணும். அதுவும் முடிஞ்சுது. கடைசியில் எழுத்து அட்டையை எடுத்தாங்க. அங்கே அவள் நின்னுட்டாள். சின்ன வார்த்தைங்களைக்கூட எழுத்துக் கூட்டி வாசிக்க முடியலை. அவங்க வாசிச்சுக் காட்டிக் கேள்வி கேட்டா மட்டும் பதில் டக்குன்னு வந்துது.

என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாங்க.

"புத்தியில குறை இல்லம்மா. அவ வயசுக்கு நல்லாவே இருக்குது. எழுத்து மட்டும்தான் பிடிபடலை. சில பிள்ளைங்க அப்படித்தான் பிறக்கறாங்க. சோம்பேறித்தனம் இல்ல, திமிர் இல்ல. மருந்தும் இல்ல. ஒவ்வொரு எழுத்தா மணல்ல விரலால எழுதி, வாயால சொல்லி, மெதுவா பழகணும். அதுவரைக்கும் பாடத்தை யாராவது அவளுக்கு வாசிச்சுக் காட்டணும். பரிட்சையில கேள்வியையும் வாசிச்சுக் காட்டணும். டீச்சருக்கு எழுதித் தர்றேன்."

பெரிய டீச்சர் அந்தக் கடிதத்தை நின்னுக்கினே படிச்சாங்க. அப்புறம் உட்கார்ந்து இன்னொரு தடவை படிச்சாங்க.

"புத்தி சரியா இருக்குதுன்னு எழுதியிருக்காங்க. சந்தோஷம். ஆனா கேள்வியை வாசிச்சுக் காட்டறதுன்னா எப்படிம்மா? ஒரு பிள்ளைக்குச் செஞ்சா எல்லாருக்கும் செய்யணும்பாங்க. யார் வாசிக்கறது?"

"நான் வந்து வாசிக்கறேன் டீச்சர்."

எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. நாலு பேர் முன்னாடி வாய் திறக்காதவ, பரிட்சை ஹாலில் நின்னு வாசிக்கறேன்னு சொல்லிட்டேன்.

"நீ எத்தனாவது?"

"அஞ்சாவது."

"அம்மாவே வாசிச்சா, அம்மாவே விடை சொல்லிட்டான்னு பேச்சு வரும்."

"அப்ப நீங்க வாசிங்க. நீங்க வாசிச்சா ஒருத்தரும் பேசமாட்டாங்க. போன தடவை யோசிக்கறேன்னு சொன்னீங்க டீச்சர்."

அவங்க கடிதத்தை மடிச்சு வெச்சுட்டு என்னைப் பார்த்தாங்க. கோபமான்னு பயந்தேன். "முன்ன கதவோரத்துல தலையை ஆட்டிக்கினு நின்னது நீதானா?"ன்னு கேட்டுச் சிரிச்சுட்டாங்க. "சரி. என் ரூம்ல வெச்சு நானே வாசிக்கறேன். விடையை வாயால சொல்லட்டும். தேறலைன்னா மட்டும் திரும்ப வந்து என்கிட்ட நிக்காதே."

"தேறலைன்னாலும் வருவேன் டீச்சர்."

முழு வருஷப் பரிட்சை அப்படித்தான் நடந்துது. மத்தப் பிள்ளைங்க வகுப்பில் எழுத, என் மகள் பெரிய டீச்சர் ரூமில் நின்னுக்கினு பதில் சொன்னாள். கணக்கில் அவங்க வாசிச்சு முடிக்கறதுக்குள்ளயே விடை சொல்லி, "முழுசா கேளுடி"ன்னு திட்டு வாங்கினாளாம். எழுதிக் காட்ட வேண்டிய பாடத்தில் ரொம்பக் குறைவுதான். ஆனாலும் நாலாவதுக்குப் போனவங்க பேரைப் படிக்கும்போது அவள் பேரும் வந்துது. நான் வாசலுக்கு வெளியில் நின்னு கேட்டேன்.

அவர் அன்னிக்குத் தறியில் இருந்தார். சொன்னேன். "அப்ப நாளைக்கும் நீதான் கரை வாங்கப் போற"ன்னார்.

"ஆமா."

"கை கொஞ்சம் லேசாயிருக்குது இப்ப"ன்னார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

புது வகுப்பு ஆரம்பிச்ச அன்னிக்கு நாலாவது டீச்சர், "இதெல்லாம் என் வகுப்புல நடக்காது"ன்னாங்களாம். மகள் வந்து சொன்னாள். அடுப்பை அணைச்சுட்டு, புடவையை மாத்திக்கினு, மெட்ராஸ் அம்மா எழுதினதை எடுத்துக்கினு கிளம்பினேன்.

இதில் எது சரி, எது தப்புன்னு எனக்கே சந்தேகம் இருக்குது. கட்டை சிவப்பும் வெள்ளையுமா, வேற நிறமும் இருந்துதான்னு தெரியலை. ரெண்டு தடவைதான் போனோமா, நடுவில் ஒரு தடவை போய் அந்த அம்மா இல்லாம திரும்பினோமான்னும் குழப்பமா இருக்குது. என் மகளைக் கேட்டா, "விடும்மா"ன்னு சிரிக்கறாள். இந்தச் சோதனையெல்லாம் தெரிஞ்சவங்க யாராவது ஒரு தடவை பார்த்து, தப்பு இருந்தா திருத்திக் குடுங்க.